ஸ்பானிய நிகழ்காலமும் நம் விகுதிகளும்

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு ஸ்பானிய மொழி கற்பவர், பாடநூல்கள் முதலில் தரும் 'பேசுதல்' என்ற வினையைவிட வாங்குவதையும் விற்பதையும் வைத்துத் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. ஆனி மாதத்தில் மாம்பழ மண்டிப் பக்கம் போய்வருபவருக்கு அந்த வினைகளுக்கான வாக்கியங்களைத் தேட வேண்டியதில்லை.

வாங்குவதற்கு 'கொம்ப்ரார்'. அதன் ஈற்றிலுள்ள 'ஆர்' என்பதை நீக்கிவிட்டு விகுதிகளைச் சேர்த்தால், நான் 'கொம்ப்ரோ', நீ 'கொம்ப்ராஸ்', அவனும் அவளும் 'கொம்ப்ரா', நாம் 'கொம்ப்ராமோஸ்', நீங்கள் எல்லோரும் 'கொம்ப்ராயிஸ்', அவர்கள் 'கொம்ப்ரான்' என்றாகும். 'வாங்குகிறேன்' என்பதில் காலத்தைக் காட்டத் தனி இடைநிலை உண்டு. ஸ்பானிய நிகழ்காலத்தில் அது இல்லாமல், பகுதியோடு விகுதி நேரே ஒட்டிக்கொள்கிறது. யார் என்பதை விகுதியே சொல்லிவிடுவதால், நம்மைப் போலவே அவர்களும் எழுவாயை விட்டுவிட்டு 'கொம்ப்ரோ மாங்கோஸ்' என்கிறார்கள். ஆங்கிலத்தின் வழியாக இதைக் கற்கும்போதுதான் 'நான்' என்பதற்குரிய 'யோ'வை எல்லா வாக்கியத்திலும் நுழைக்கும் பழக்கம் வருகிறது. 'நாளைக்கு வாங்குகிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதுபோல 'மன்யானா கொம்ப்ரோ' என்பதும் அங்கே இயல்பான பேச்சே.

தமிழ்க் காது ஏமாறும் இடமும் உண்டு. 'கொம்ப்ரான்' என்றதும் 'வந்தான்' போல ஓர் ஆண் தோன்றுகிறான். விற்பதைக் குறிக்கும் 'பெந்தேர்' என்ற வினையின் 'பெந்தேன்' என்ற வடிவமோ 'வந்தேன்' போல ஒலிக்கிறது. இரண்டுமே 'அவர்கள்' என்பதற்குரியவை. படர்க்கை ஒருமையோடு ஒரு 'ன்' சேர்ந்தால் பன்மை, அவ்வளவுதான்.

மரியாதைதான் இன்னும் விசித்திரம். மண்டிக்காரரை நாம் 'வாங்குகிறீர்கள்' என்று பன்மையில் உயர்த்துவோம். ஸ்பானியம் பேசுவோர் 'தாங்கள்' என்பதற்குரிய 'உஸ்தேத்' என்று விளித்து, வினையைப் படர்க்கை ஒருமையில் 'கொம்ப்ரா' என்றே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே அவன், அவள், தாங்கள் மூவருக்கும் ஒரே வடிவம் வருவதால், குழப்பம் எழும் இடத்தில் மட்டும் எழுவாயைச் சொல்லியாக வேண்டும். 'கொம்ப்ராயிஸ்' பெரும்பாலும் ஸ்பெயினில்தான் செல்லும். லத்தீன் அமெரிக்காவில் 'உஸ்தேத்' என்பதன் பன்மையைக் கொண்டு 'உஸ்தேதேஸ் கொம்ப்ரான்' என்பார்கள்.

'பெந்தேர்' போன்றவற்றில் 'ஆ' இருந்த இடத்தில் 'ஏ' வரும். வசிப்பதைக் குறிக்கும் 'பிபீர்' போன்ற மூன்றாம் வகையும் இதையே பின்பற்றி, 'நாம்', 'நீங்கள் எல்லோரும்' ஆகிய இரண்டில் மட்டும் 'பிபீமோஸ்', 'பிபீஸ்' என்று விலகுகிறது.