ஏன் அந்த மந்தைக் கிடா?

"அப்போ எங்க ஆட்டுல ஒண்ணுமில்லேன்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

ஃபோனில், பின்னால் செம்மறிகள் கத்தும் சத்தத்தோடு, என் மாணவியின் அப்பா கேட்டது இவ்வளவுதான். "அப்படி இல்லீங்கய்யா" என்று ஆரம்பித்து எட்டுப் பத்து நிமிடம் பேசினேன். பேசி முடித்தபோது, நான் சொன்னதில் அவருக்கு உதவும்படி ஒரு வாக்கியம்கூட இல்லை என்பது எனக்கே தெரிந்தது. இரண்டு வருடம் ஆகப்போகிறது. இன்னும் அந்த ஃபோனை வைத்த பாடில்லை.

ஒரு வரைபடத்திலிருந்து சொல்கிறேன். செம்மறிகளின் மரபணுவை ஆராயும் எங்கள் குழுவின் ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மாணவி அதைத் திரையில் போட்டாள். குறுக்கே, பால் குரோமோசோம் நீங்கலாக, செம்மறியின் 26 குரோமோசோம்கள் வரிசையாக; மேலே சுமார் 50 ஆயிரம் புள்ளிகள், ஒவ்வொன்றும் மரபணுத் தொகுதியில் நாங்கள் பார்த்த ஓர் இடம். எல்லாம் கரிசல் காட்டுப் புல்லைப் போலத் தாழக் கிடக்க, ஓரிடத்தில் மட்டும் ஒற்றைப் பனை மாதிரி நெட்டுக்குத்தாக ஒரு மேடு. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அந்தப் பனையைப் பார்த்ததும் நெஞ்சு படபடக்கும். எனக்கும் படபடத்தது.

ஏன் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் தாய்வழி, தகப்பன்வழி குரோமோசோம்கள் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துதான் குட்டிக்குப் போகின்றன. பல தலைமுறை கலைந்த கட்டில் ஒரே வரிசையில் நீளமாகச் சீட்டுகள் சேர்ந்து நிற்காது. அப்படி ஒரு நீளத் துண்டு பல ஆடுகளில் கலையாமல் அப்படியே கிடைத்தால், அந்தத் துண்டில் ஏதோ ஒன்று மிக வேகமாகப் பரவியிருக்கிறது, கலைவதற்கு நேரமே கிடைக்கவில்லை என்று பொருள். அந்தப் பனை காட்டியது அப்படி ஓர் இடத்தை. நல்ல மாறுபாடு ஒன்று பரவும்போது பக்கத்தில் இருப்பவையும் அதோடு தொற்றிக்கொண்டு ஏறிவிடும் என்பதை மேனார்ட் ஸ்மித், ஹேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். பிழைக்க உதவும் மாறுபாடு தலைமுறைதோறும் பெருகுவதுதான் இயற்கைத் தேர்வு; அண்மையில் நடந்த அதைத் தேட இன்று நாம் பயன்படுத்தும் சோதனைகளில் பல அந்தக் கணக்கின் பிள்ளைகள்தான்.

மேட்டுக்குப் பக்கத்தில் நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள ஒரு மரபணு இருந்தது. "நீலநாக்கு" என்ற வார்த்தை முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது. 1997-98ல் நீலநாக்கு நோய் தமிழ்நாட்டுச் செம்மறிகளை வாரிக்கொண்டு போனது ஆடு வைத்திருந்த எவருக்கும் மறக்காது. அந்தச் சாவில் தப்பித்தவற்றின் வாரிசுகள்தான் இன்று மேய்கின்றன. அன்றிலிருந்து ஆறேழு தலைமுறை. கணக்கு அழகாகப் பொருந்தியது. இரண்டு நிமிடத்தில் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

அப்போது அவள் சொன்னாள்: "சார், ஒரு விஷயம். நோய் வந்த வருஷத்துக்கு அப்புறம் எங்க பக்கத்துல எல்லாரும் ஒரே ஒருத்தர் மந்தையிலதான் கிடா வாங்கினாங்களாம். அப்பா சொன்னாங்க. அதனால இந்த நீளத் துண்டு அந்தக் கிடாக்களோடதா இருக்கலாம். நோயால வந்ததுன்னு சொல்ல முடியாது."

அவள் அப்பா கீதாரி. தென் மாவட்டங்களில் கிடை போட்டு மேய்ப்பவர். எங்கள் ரத்த மாதிரிகளில் கணிசமானவை அவர் மூலமாக, அவருடைய சொந்தக்காரர்களின் மந்தைகளிலிருந்து வந்தவை.

நான் சொன்னேன்: "அப்பா சொல்றது கதைம்மா. நம்ம கையில இருக்கிறது தரவு."

கூட்டத்தில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவள் "சரிங்க சார்" என்று அடுத்த படத்துக்குப் போனாள்.

அந்த வாக்கியத்துக்கு என்னிடம் நியாயம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. இந்தத் துறையைக் கெடுப்பதே கதைதான். மரபணுத் தொகுதியில் எந்த இடத்தில் மேடு வந்தாலும் கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்ந்தால் சுவாரஸ்யமான ஒரு மரபணு கிடைத்துவிடும். வெப்பம் தாங்குவது, நோய் எதிர்ப்பு, தோல் நிறம், குட்டி ஈனும் எண்ணிக்கை என்று எதைத் தேடினாலும் அகப்படும். மேடு வந்த பிறகு காரணம் தேடுகிறவன் காரணமில்லாமல் திரும்பியதே இல்லை. அதனால் வாய்மொழியாக வருவது எதையும் உள்ளே விடக்கூடாது என்று என்னைப் பழக்கியிருந்தார்கள், நானும் மாணவர்களை அப்படித்தான் பழக்கினேன்.

ஆனால் அன்றைக்குக் கதை சொன்னது யார்? நோய், தப்பித்த ஆடுகள், அவற்றின் மரபணு என்று கோத்தவன் நான். அவள் செய்தது அதைச் சந்தேகப்பட்டது. சந்தேகத்துக்கு ஆதாரம் அவள் அப்பாவிடமிருந்து வந்தது என்பதற்காக நான் அதைத் தள்ளினேன். இது அன்றிரவு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மறுநாளே கணினியில் உட்கார்ந்தேன். இயற்கைத் தேர்வே இல்லாத ஒரு மந்தையைக் கணினிக்குள் வளர்ப்பது கஷ்டமில்லை. எண்ணிக்கையை ஒரு வருடத்தில் சரிய விட வேண்டும், பிறகு சில கிடாக்களை மட்டும் கொண்டு மீட்டெடுக்க வேண்டும், ஆறேழு தலைமுறை ஓட விட வேண்டும், அதே சோதனையை அதன்மேல் போட வேண்டும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தேன். எந்த நோயும் எதையும் தேர்ந்தெடுக்காத அந்த மந்தைகளிலும் ஒற்றைப் பனை முளைத்தது. அரிதாக அல்ல, தள்ள முடியாத அளவுக்கு அடிக்கடி. ஒரு கிடாயின் ரத்தம் எல்லா வீட்டுக்கும் போனால் நீளத் துண்டுகள் எங்கும் கூடும். அவற்றுள் ஏதோ ஒன்று வெறும் அதிர்ஷ்டத்தால் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும். அவ்வளவுதான்.

சிமிலிபால் புலிகளை நினைத்துக்கொண்டேன். ஒடிசாவின் அந்தக் காட்டில் கோடுகள் பட்டையாகப் பரவி, பார்க்கக் கறுப்பாகத் தெரியும் புலிகள் உண்டு. மரபியல் ஆய்வாளர் உமா ராமகிருஷ்ணன் குழு 2021ல் அதற்குக் காரணமான ஒற்றை மாற்றத்தை டாக்பெப் என்ற மரபணுவில் கண்டுபிடித்தது. காட்டின் நிழலில் கறுப்பு உதவுகிறது என்று எழுத யாருக்கும் கை பரபரக்கும். வெளியிலிருந்து கலப்பில்லாத சின்னக் கூட்டம், தற்செயலே அதை இவ்வளவு பெருக்கியிருக்க முடியும் என்பதைத்தான் அவர்கள் முன்னால் வைத்தார்கள். அந்த நிதானம் எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை மாணவியைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி, அந்தப் பகுதியை எடுத்துடலாம்" என்றேன். எடுத்தோம். ஆய்வேட்டில் ஒரு பத்தியாகச் சுருங்கியது: மேடு இருக்கிறது, எண்ணிக்கைச் சரிவாலேயே அது வந்திருக்கலாம், தேர்வு என்று கூற இயலாது. வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னதற்கு மட்டும் நான் எதுவும் சொல்லவில்லை. "நீ சொன்னதுதான் சரி" என்பதிலேயே அது அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடங்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் ஒரு ஆய்வாளன் தன் தவற்றைத் திருத்திக்கொண்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தூங்கியிருப்பேன். ஆய்வேடு ஏற்கப்பட்ட சில வாரத்தில் அவள் அப்பா கூப்பிட்டார். மகள் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அதன்பேரில்தான் அந்தக் கேள்வி.

நான் விளக்க முயன்றேன். எல்லாரும் ஒரே மந்தைக் கிடா வாங்கினதால அப்படித் தெரியுதுங்கய்யா, நோயால வந்ததுன்னு சொல்ல முடியல என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு:

"ஏன் அந்த மந்தைக் கிடா வாங்கினோம்னு பாப்பா சொல்லலியா?"

"இல்லீங்க."

"அந்த மந்தையில சாவு கம்மி சார். நமக்கெல்லாம் வாய் வீங்கி, நொண்டி, மூணாம் நாள் படுத்துருது. அங்க பாதிக்கு மேல நின்னுச்சு. நிக்கிற மந்தையில கிடா எடுக்காம வேற எங்க எடுப்போம்?"

என் கணக்கில் அது இல்லை. எந்த மந்தையின் கிடா என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுத்தான் எடுத்தது. கீதாரிகள் குலுக்கவில்லை. பார்த்து எடுத்தார்கள். ஒரே மந்தையின் கிடா எல்லா வீட்டுக்கும் போனது என்பதைத் தேர்வுக்கு எதிரான சாட்சியாக நான் வைத்தேன். அவர் சொல்வதைப் பார்த்தால் தேர்வு நடந்ததே அந்த வழியில்தான். நோய் கொன்றது, தப்பித்ததை மனிதர்கள் பெருக்கினார்கள். அதை இயற்கைத் தேர்வு என்பதா, செயற்கைத் தேர்வு என்பதா என்றுகூட எனக்குத் தெளிவில்லை. பாடப்புத்தகத்தில் அவை இரண்டு அத்தியாயம்.

உடனே எனக்குள் இருக்கும் பழைய ஆள் எழுந்துகொண்டான். நிற்கிற மந்தை ஏன் நின்றது? நீலநாக்கு ஆட்டிலிருந்து ஆட்டுக்கு நேராக ஒட்டுவதில்லை. கொசுவைவிடச் சின்னதாக, ஈரச் சேற்றிலும் சாணத்திலும் பெருகும் ஒருவகைப் பூச்சி கடித்துத்தான் பரவுகிறது. அதனால்தான் வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. அந்த மாதம் அந்த மந்தை மேட்டு நிலத்தில் கிடை போட்டிருந்தால் பூச்சி குறைவு, சாவும் குறைவு. மரபணுவுக்கு அதில் வேலையே இல்லை. அதிர்ஷ்டம் செய்த மந்தை ஒன்றின் ரத்தம் எல்லா வீட்டுக்கும் போயிருக்கும். என் கணினி குலுக்கியது சரியென்றே ஆகிவிடும்.

கேட்டேன். "அந்த மந்தை அப்போ எங்கய்யா கிடை போட்டிருந்துச்சு?"

"செவக்காட்டு மேட்டுல... இல்ல, கண்மாய்க்குக் கீழயா... அது மச்சானுக்குத்தான் சார் நல்லாத் தெரியும். அவரு போய்ச் சேர்ந்துட்டாரு."

டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்கின் கதை இங்கே எனக்கு வலிக்கும். முகத்தில் வரும் ஒரு தொற்றுப் புற்றுநோய் அவற்றில் 1996ல் முதலில் கண்ணில் பட்டது; பிறகு கூட்டம் கூட்டமாக அழித்தது. 2016ல் வெளியான ஆய்வில், நான்கிலிருந்து ஆறு தலைமுறைக்குள்ளேயே மரபணுத் தொகுதியில் இரண்டு சிறு பகுதிகள் மாறியிருப்பதைக் காட்டினார்கள். தலைமுறைக் கணக்கில் நம் செம்மறிகளுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் அவர்களிடம் நோய் வருவதற்கு முன் எடுத்து வைத்த மாதிரிகள் இருந்தன. ஒன்றோடொன்று சேராத மூன்று இடங்களில் முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். தற்செயல் ஓரிடத்தில் ஒரு பக்கம் தள்ளும். மூன்று இடத்திலும் ஒரே பக்கம் தள்ளுவது அரிது. என்னிடம் இருப்பது ஒரு வட்டாரம், அதுவும் 'பின்' மட்டும். 'முன்' 1997ல் குழி தோண்டிப் புதைக்கப்பட்டுவிட்டது.

ஆகவே அந்தப் பகுதியை ஆய்வேட்டிலிருந்து நீக்கியது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். கேட்டால் உறுதியாகச் சொல்வேன். ஆனால் "தேர்வு என்று கூற இயலாது" என்று எழுதியதை வீட்டுக்குப் போன மகள் அப்பாவிடம் எப்படிச் சொன்னாளோ, அவர் காதில் அது "ஒண்ணுமில்லை" என்று விழுந்திருக்கிறது. தெரியவில்லை என்பதும் இல்லை என்பதும் எங்கள் மொழியில் வேறு வேறு. கிடையில் நின்று கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்டால் அது அவர் பிழையா? இருபது வருடத்துக்கும் மேலாக அந்த வழியில் வந்த கிடாக்களை நம்பி வைத்திருக்கிறார். இனி வேறு கிடா வாங்கிவிடுவாரோ என்று அன்றைக்குப் பயந்தேன். வாங்கினால் அதில் என் பங்கு எவ்வளவு என்று இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் நாள் ரத்தம் எடுக்கப் போனபோது அவர்தான் ஒவ்வொரு ஆட்டையும் முழங்காலுக்கு இடையில் இடுக்கி, மோவாயை நிமிர்த்திப் பிடித்தார். நான் கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து ஊசி ஏற்ற, ஊதா மூடிக் குழாயில் ரத்தம் ஏறும். மாணவி அதை நாலைந்து முறை கவிழ்த்து நிமிர்த்திப் பனிக்கட்டிப் பெட்டியில் வைப்பாள். உறவுள்ள ஆடுகளில் எடுக்கக்கூடாது என்பது விதி. அதனால் ஒவ்வொரு முறையும் கேட்டேன்: "இதுவும் அதுவும் ஒரு தாய்க் குட்டியா? ஒரே கிடாவா?"

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்கதான் சார்."

பாசத்தில் சொல்கிறார் என்று நானும் சிரித்தேன். படிவத்தில் வயது, பாலினம், ஊர், காது அடையாளம் எல்லாம் எழுதினேன். 'உறவு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். பிறகு கணினியில் பார்த்த உறவுமுறைச் சோதனையும் பெரிதாக எதையும் காட்டவில்லை. அது அண்ணன் தம்பியை, சித்தப்பன் மகனைப் பிடிக்கும், ஆறேழு தலைமுறை தள்ளிய உறவைப் பிடிக்காது. அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

மாணவி இப்போது வேறு ஊரில், வேறு விலங்கின் மரபணுவில் வேலை செய்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்புகிறாள். ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுத ஆரம்பித்து, கடைசியில் "நன்றிம்மா, உனக்கும் வாழ்த்துகள்" என்று அனுப்பிவிடுகிறேன்.

புதிய படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேர்த்திருக்கிறேன். கிடா எங்கிருந்து வந்தது, ஏன் அந்தக் கிடா. முதல் கட்டம் நன்றாகவே நிரம்பி வருகிறது: ஊர், ஆள், உறவுமுறை எல்லாம் சொல்கிறார்கள். இரண்டாவது கட்டத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "நல்லா இருந்துச்சு."