படிவத்தின் பின்பக்கம்

செமஸ்டர் முடிந்து, மதிப்பெண் பட்டியலும் கைவிட்டுப் போன பிறகுதான் அந்த உறை என் மேஜைக்கு வரும். உள்ளே மாணவர்கள் பெயர் எழுதாமல் நிரப்பிய கருத்துப் படிவங்கள். முன்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். பின்பக்கத்தில் ‘பிற கருத்துகள்’ என்ற தலைப்பு மட்டும், மீதி வெற்றிடம். முதலாண்டு மாணவர்களுக்குப் பொருளியல் அறிமுகப் பாடம் எடுக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆரம்பத்தில் முன்பக்கத்துச் சராசரியைப் பார்த்துவிட்டு உறையை மூடிவிடுவேன். இப்போது பின்பக்கத்தில்தான் என் நேரம் போகிறது.

முதல் மூன்று ஆண்டுகள் என் சராசரி 4.6க்குக் குறைந்ததில்லை. ‘மேடம் ரொம்ப எளிமையா நடத்துவாங்க’, ‘ஒரு வகுப்புகூடப் போர் அடிக்கல’, ‘மேடம் கொடுக்கிற நோட்ஸை அப்படியே படிச்சாப் போதும்’ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். அந்த மூன்றாவது வரியையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் துறையில் இரண்டாமாண்டு நுண்ணினப் பொருளியல் பாடம் எடுத்தவர் என்னைவிட மூத்தவர். ஒருநாள் மாலை, எல்லோரும் கிளம்பிய பிறகு, என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். “உங்ககிட்ட படிச்சிட்டு வர்ற பிள்ளைங்க, தேவைக் கோட்டை வலப்பக்கம் நகர்த்தச் சொன்னா டக்குனு நகர்த்திடறாங்க. எதுக்கு நகர்த்துனீங்கன்னு கேட்டா முழிக்கிறாங்கம்மா” என்றார். குறை சொல்லும் தொனி இல்லை. பாதி படித்த விடைத்தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார். வருமானம் கூடினால் என்ன ஆகும் என்பது கேள்வி. மாணவர் எழுதியிருந்தது: ‘வருமானம் கூடுவதால் தேவை கூடும். தேவை கூடுவதால் விலை கூடும். விலை கூடுவதால் தேவை குறையும். தேவை குறைவதால் விலை குறையும். விலை குறைவதால் தேவை மீண்டும் கூடும்...’ பக்கம் முடியும்வரை அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அறிமுகப் பாடம் எடுக்கிற யாருக்கும் இந்தச் சக்கரம் தெரியும். ‘தேவை’ என்பது ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் முழுக் கோடு. ‘தேவைப்படும் அளவு’ என்பது அந்தக் கோட்டின் மேல் உள்ள ஒரு புள்ளி. வருமானம் மாறினால் கோடே நகரும்; விலை மாறினால் அதே கோட்டின் மேல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினால் விடை ஒருபோதும் நிற்காது. இதை நான் நடத்தியிருந்தேன், அழகாகவே நடத்தியிருந்தேன். ஆனால் கூடவே ஓர் அட்டவணையும் கொடுத்திருந்தேன்: வருமானம் கூடினால் வலம், மாற்றுப் பொருளின் விலை குறைந்தால் இடம் என்று. தேர்வுக்கு அந்த அட்டவணை போதுமானதாக இருந்தது. சக்கரத்தை உடைக்க வேண்டிய தேவையே என் மாணவர்களுக்கு வரவில்லை. எனக்கு ஐந்து போட்டவர்களில் ஒருவர்தான் அந்த விடையை எழுதியிருக்க வேண்டும்.

இதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கேரல், வெஸ்ட் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க விமானப்படை அகாடமியில் எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் போகிறார் என்பது குலுக்கல் போலத்தான் முடிவாகிறது. எல்லாப் பிரிவுக்கும் ஒரே தேர்வு. அங்கே முதல் கணிதப் பாடத்தில் தம் மாணவர்களை நல்ல மதிப்பெண் வாங்க வைத்த ஆசிரியர்களுக்கு நல்ல கருத்துகள் கிடைத்தன. ஆனால் அதே மாணவர்கள் அடுத்தடுத்த பாடங்களில் சராசரியாகப் பின்தங்கினார்கள். இத்தாலியின் போக்கோனி பல்கலைக்கழகத்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டியது. படிவம் நிரப்பும் நாளின் வானிலைகூட மதிப்பெண்ணைப் பாதித்தது என்பது அதில் இன்னொரு முடிவு. படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தப் பாதி விடைத்தாள்தான்.

நடத்தும் முறையை மாற்றினேன். முன்பெல்லாம், எல்லாவற்றிலும் முந்தி நிற்கும் நாடும் வணிகத்தால் பயனடையும் என்ற ரிக்கார்டோவின் ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடுவேன். இப்போது 1817இல் அவர் கொடுத்த நான்கு எண்களைப் பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் நிற்கிறேன். ஓராண்டில் குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேர் வேண்டும், மது தயாரிக்க 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90 பேர், மதுவுக்கு 80 பேர். இரண்டையுமே குறைந்த ஆட்களைக் கொண்டு செய்யும் போர்ச்சுகல் எதற்காக இங்கிலாந்திடம் துணி வாங்க வேண்டும்? முதல் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு ஒருவர் ‘வாங்கத் தேவையில்லை’ என்பார், அரை வகுப்பு தலையாட்டும். யாராவது ஒருவர் ‘அந்த 90 பேரை மதுவுக்கு அனுப்பினா எவ்வளவு கிடைக்கும்?’ என்று கேட்கும்வரை காத்திருப்பேன். சில ஆண்டுகளில் அந்தக் கேள்வி வர முப்பது நிமிடம் ஆனதுண்டு.

இப்படி மாற்றிய முதல் செமஸ்டர் என் சராசரி 3.3. ‘மேடம் பாடமே நடத்துவதில்லை, எங்களையே பேச வைக்கிறார்.’ ‘குழப்பிவிட்டுப் போய்விடுகிறார்.’ ‘பதில் தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறார்.’ அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சக்கரம் சுற்றும் விடைகள் குறைந்திருந்தன, அதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அப்படியிருந்தும் அந்த வரிகள் வலித்தன. 2019இல் ஹார்வர்ட் இயற்பியல் வகுப்புகளில் செய்த ஓர் ஆய்வு வெளியானபோது கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது. தாமே முயன்று கணக்குப் போட்ட மாணவர்கள் விரிவுரை கேட்டவர்களைவிட அதிகம் கற்றிருந்தார்கள்; ஆனால் தாங்கள் குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். தங்குதடையில்லாத விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்துவிட்டது போலிருக்கும். தானே முட்டி மோதும்போது புரியாதது மட்டுமே கண்ணில் படும்.

இங்கேதான் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். அந்த ஆய்வுகள் எனக்குக் கேடயமாகிவிட்டன. இரண்டு ஆண்டுகள், வந்த ஒவ்வொரு குறையையும் ‘கற்பதன் வலி இவர்களுக்குத் தெரியவில்லை’ என்று ஒதுக்கிவைத்தேன். மாணவர்களுக்குத் தாம் எவ்வளவு கற்றோம் என்பது சரியாகத் தெரியாமல் இருக்கலாம். வகுப்பில் என்ன நடந்தது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். கடைசி வரிசைக்குக் குரல் கேட்டதா, கை தூக்கியவரை மதித்தார்களா, வினாத்தாள் நியாயமாக இருந்ததா என்பதற்கெல்லாம் அவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது.

அதைப் புரியவைத்தது ஒரு படிவத்தின் பின்பக்கம். சிறிய, நெருக்கமான கையெழுத்து.

‘கணக்குப் பாடத்தில் காரணத்தைக் கிடை அச்சிலும் விளைவைச் செங்குத்து அச்சிலும் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். விலை மாறினால் வாங்கும் அளவு மாறும் என்று நீங்கள் சொன்னீர்கள். அப்படியானால் விலை ஏன் செங்குத்து அச்சில் இருக்கிறது என்று வகுப்பில் கேட்டேன். அது வழக்கம், எழுதிக்கோங்க என்றீர்கள். அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவில்லை.’

கேட்டது யார் என்று எவ்வளவு யோசித்தும் முகம் நினைவுக்கு வரவில்லை. நான் அப்படிச் சொல்லியிருப்பேன் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. என் ஆசிரியர் எனக்குச் சொன்ன பதிலும் அதுதான்.

விடுமுறையில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். பிரெஞ்சுப் பொருளியலாளர் கூர்னோ 1838இல் வரைந்த தேவைக் கோட்டில் விலை கிடை அச்சில்தான் இருக்கிறது, அந்த மாணவர் எதிர்பார்த்தபடியே. 1890இல் வந்த ஆங்கிலேயப் பொருளியலாளர் மார்ஷலின் நூலில் விலை செங்குத்து அச்சில் இருக்கிறது. மார்ஷல் கேட்ட கேள்வி வேறு: இவ்வளவு பொருளை விற்றுத் தீர்க்க வேண்டுமென்றால் வாங்குபவர் அதிகபட்சம் என்ன விலை தரச் சம்மதிப்பார்? அந்தக் கேள்வியில் அளவுதான் காரணம், விலை விளைவு. ஆகவே அவர் படம் அவர் கேள்விக்குப் பொருந்துகிறது. இன்னொரு பிரெஞ்சுப் பொருளியலாளரான வால்ராஸின் கேள்வி இதற்கு நேர்மாறு: இந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள்? இன்று வகுப்பில் நாம் பேசுவது வால்ராஸின் வாக்கியம், வரைவது மார்ஷலின் படம். அந்த மாணவர் சரியாக அந்த இடத்தில் விரல் வைத்திருந்தார். நான் ‘வழக்கம்’ என்று கதவைச் சாத்தியிருந்தேன்.

இப்போது தேவைக் கோட்டின் முதல் வகுப்பில் இரண்டு படத்தையும் வரைகிறேன். இருபது நிமிடம் கூடுதலாகிறது. விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறும் என்று சொல்லும் நெகிழ்ச்சிக்கு வரும்போது அந்த இருபது நிமிடம் திரும்பக் கிடைத்துவிடுகிறது, ஏனென்றால் சாய்வையும் நெகிழ்ச்சியையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்களில் பலர் அச்சிலேயே தடுமாறியவர்கள்.

படிவத்தில் என்னைக் கோபப்படுத்தும் வரிகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓர் ஆண்டு நானும் ஆண் ஆசிரியர் ஒருவரும் இணைப் பிரிவுகளை எடுத்தோம். ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள், தாமதமாக வந்த ஒப்படைப்புகளை இருவருமே வாங்கவில்லை. அவருக்கு ‘கண்டிப்பானவர்’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ‘கடுகடுப்பானவர்’, ‘கொஞ்சம் சிரிக்கலாம்’. 2015இல் மெக்நெல் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வில், இணையவழிப் பாடம் ஒன்றில் ஆசிரியர்கள் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். உண்மையில் யார் நடத்தினாலும், ஆண் பெயரில் வந்தவருக்கே கூடுதல் மதிப்பெண் கிடைத்தது. என் சிரிப்பைப் பற்றிய வரிகளை இப்போது படித்துவிட்டுத் தள்ளி வைத்துவிடுகிறேன். பணி உயர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படித் தள்ளி வைப்பதில்லை என்பதுதான் என் கவலை. அவர்கள் கையில் இருப்பது தசமப் புள்ளியோடு ஒரு சராசரி மட்டும். பாதிப் பேர் ஐந்தும் பாதிப் பேர் ஒன்றும் போட்ட வகுப்பும், எல்லோரும் மூன்று போட்ட வகுப்பும் அந்த எண்ணில் ஒன்றாகவே தெரியும். பாதியில் விலகிப் போனவர்களின் படிவம் அதில் இருக்கவே இருக்காது. நான் கேட்க விரும்பும் கருத்து பெரும்பாலும் அவர்களுடையதுதான்.

இன்னொரு வகைக் குறை எங்கள் பாடத்துக்கே உரியது: ‘இதற்கும் நிஜ உலகத்துக்கும் என்ன தொடர்பு?’ எனக்கு மட்டும் வரும் கேள்வி இல்லை இது. 2000இல் பிரான்சில் பொருளியல் மாணவர்கள், தாங்கள் படிப்பது கற்பனை உலகம் என்று எதிர்ப்பு அறிக்கை வெளியிட்டார்கள். 2011 நவம்பர் 2 அன்று ஹார்வர்டில் கிரிகோரி மேன்கியூவின் அறிமுகப் பொருளியல் வகுப்பிலிருந்து ஒரு பகுதி மாணவர்கள் எழுந்து வெளியேறினார்கள். பாடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அவர்கள் புகார். 2014இல் பல நாட்டு மாணவர் அமைப்புகள் சேர்ந்து, பொருளியலில் ஒரே சிந்தனைப் பள்ளியை மட்டும் கற்பிக்காதீர்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதின. இவையும் கருத்துப் படிவங்கள்தான், பின்பக்கத்தில் மட்டும் எழுதியவை.

மேன்கியூ மாணவர்களின் எல்லாப் புகார்களையும் நான் ஏற்கவில்லை. தேவையும் அளிப்பும் தெரியாமல் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசினால் கோபம்தான் மிஞ்சும். ஆனால் ‘பிற காரணிகள் மாறாத நிலையில்’ என்ற தொடரை முதல் வாரமே சொல்லிவிட்டு, அந்தப் பிற காரணிகள் எப்போது உள்ளே வரும் என்று செமஸ்டர் முழுக்கச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. எந்தத் தனி ஒருவராலும் விலையை மாற்ற முடியாத சந்தையான நிறைவுப் போட்டியில் ஆறு வாரம் செலவழித்து, அது அப்படியே பொருந்தும் சந்தைகள் அரிது என்பதைக் கடைசி வகுப்பில் ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கிறேன். இப்போது வேலையின்மையும் வருமானப் பங்கீடும் இரண்டாம் வாரத்திலேயே கேள்விகளாக வந்துவிடுகின்றன. கருவிகள் அவற்றின் பின்னால் வருகின்றன.

செமஸ்டர் முடிந்த பிறகு வரும் உறையால், அதை நிரப்பியவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை, அவர்கள் போய்விட்டார்கள். அதனால் நான்காவது வாரமும் ஒன்பதாவது வாரமும் அரைத்தாள் கொடுக்கிறேன். எண் எதுவும் இல்லை. இதுவரை எங்கே தொலைந்துபோனீர்கள், எந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்டேன் என்று இரண்டே கேள்விகள். அடுத்த வகுப்பின் முதல் பதினைந்து நிமிடம் அவற்றுக்கு.

போன முறை வந்த சீட்டுகளில் ஒன்று வாய்ப்புச் செலவைப் பற்றியது, அதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் நாம் கைவிடும் அடுத்த சிறந்த தேர்வின் மதிப்பைப் பற்றியது: ‘வாய்ப்புச் செலவு புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வரையறை சொல்லச் சொன்னால் சொல்வேன். நீங்கள் கொடுத்த கணக்கில் தப்பாகப் போட்டேன். அப்படியானால் எனக்குப் புரியவில்லையா?’

அடுத்த வகுப்பில் அந்தச் சீட்டைப் பெயரில்லாமல் வாசித்தேன். பிறகு ஃபெராரோவும் டெய்லரும் 2005இல் பொருளியலாளர்களின் ஆண்டு மாநாட்டில் 199 பேரிடம் கேட்ட கேள்வியைப் பலகையில் எழுதினேன். உங்களுக்கு எரிக் கிளாப்டன் கச்சேரிக்கு இலவச டிக்கெட் கிடைத்திருக்கிறது. அதை விற்க முடியாது. அதே இரவு பாப் டிலன் கச்சேரி. அதுதான் உங்கள் அடுத்த தேர்வு. டிக்கெட் 40 டாலர், நீங்கள் 50 டாலர் வரை கொடுக்கத் தயார். கிளாப்டனைப் பார்ப்பதன் வாய்ப்புச் செலவு எவ்வளவு? 0, 10, 40, 50 என்று நான்கு விடைகள். வகுப்பு நான்காகப் பிரிந்தது. விடை 10 என்றும், மாநாட்டில் அதைச் சரியாகச் சொன்னவர்கள் 21.6 சதவீதம் பேர் மட்டுமே என்றும் சொன்னேன். கேள்வி கேட்கப்பட்ட விதம் சரிதானா என்று பின்னர் பொருளியலாளர்களுக்குள்ளேயே வாதம் எழுந்ததையும் மறைக்கவில்லை.

ஜன்னலோரம் இருந்த பெண் கை தூக்கினாள். “10 எப்படி வரும் மேடம்? டிலன் டிக்கெட்டுக்குக் கொடுக்காத 40 நம்ம கையிலதானே இருக்கு?” என்றாள். 10 வருகிற வழியைத்தான் சொல்கிறோம் என்று தெரியாமலேயே அவள் பாதித் தூரம் வந்திருந்தாள். சாக்பீஸை அவளிடம் கொடுத்தேன்.