கிறிஸ்தவ நாவலோடு தபாலாபீஸ் கவுண்டரில் நின்ற கதை

நாவல் எழுதுவதில் எனக்குப் பெரிய சிரமம் இருந்ததில்லை. பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கு விடிவதற்கு முன்னால் காவிரித் தண்ணீர் வரும். மோட்டாரைப் போட்டுவிட்டு, ஜெபம் முடித்து உட்கார்ந்தால் பிள்ளைகள் எழுவதற்குள் ஒரு பக்கம் தேறும். அச்சாகி வந்த புத்தகத்தை வீட்டைவிட்டு வெளியே அனுப்புவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது. சொந்தமாக வெளியிட நினைக்கும் சகோதரிகளுக்காக, ஆறாத எரிச்சலோடு இதை எழுதுகிறேன்.

2001-ல் கோலார் தங்கவயல் சுரங்கத்தை மூடிய பிறகு, மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிற ஒரு பெண்ணின் கதை என் நாவல். கூடப்பிறந்த தம்பியை மன்னிக்க முடியாமல் சர்ச்சுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறாள்.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான அடையாள எண் வாங்குவது சுலபம். ஆன்லைனில் விண்ணப்பித்தால் மத்திய அரசு இலவசமாகவே தருகிறது. அதற்குக் காசு கேட்கும் ஆட்களிடம் ஏமாறாதீர்கள். வேத வசனங்களுக்கு நான் 1871-ம் ஆண்டுப் பதிப்பின் வழிவந்த பழைய மொழிபெயர்ப்பையே எடுத்துக்கொண்டேன். 1995-ல் வந்த திருவிவிலியம் மாதிரி புதிய மொழிபெயர்ப்பிலிருந்து நிறைய எடுக்கிறீர்கள் என்றால், வெளியிட்டவர்களுக்கு முதலிலேயே எழுதி அனுமதி வாங்கிவிடுங்கள். அச்சுக்குப் போன பிறகு கேட்டால் வயிற்றில் புளி கரையும்.

பிரஸ் சுல்தான்பேட்டையில். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் தெருவில் தமிழ் நாவலைக் கொண்டுபோனால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். நான் யூனிகோடில் கொடுத்ததை பக்கம் அமைக்கும் டிடிபி பையன் தன்னிடமிருந்த பழைய எழுத்துருவுக்கு மாற்றினான். மெய்ப்பில் (ப்ரூஃபில்) 'ஸ்' வரும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக நின்றது. கிறிஸ்தவ நாவலில் 'ஸ்' எத்தனை இடத்தில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்! கிறிஸ்துவும் போச்சு, இஸ்ரவேலும் போச்சு. "கம்ப்யூட்டர்ல சரியா தெரியுதே அக்கா" என்று அவன் சாதித்தான். காகிதத்தில் எடுத்த மெய்ப்பைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

செலவில் ஒரு பகுதியை எங்கள் சர்ச் கமிட்டி அண்ணன் ஒருவர் ஏற்றுக்கொண்டார், நல்ல மனுஷர். ஒரே நிபந்தனை, கடைசிப் பக்கத்தில் அவருடைய கேட்டரிங் தொழிலுக்கு முழுப்பக்க விளம்பரம். பிரியாணி அண்டா படத்தோடு, போன் நம்பரோடு. இந்த அண்டா பின்னால் வரும்.

புத்தகம் வந்ததும் சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகையில் ஒரு மேசை போட்டுக்கொள்ளலாமா என்று பாஸ்டரிடம் கேட்டேன். அவர் புரட்டிப் பார்த்தார். கதாநாயகி ரெண்டு வருஷம் சர்ச்சுக்கு வராத அத்தியாயம் சரியாக அவர் கண்ணில் பட்டது. "சிஸ்டர், இது நாவல்தானே? ஆவிக்குரிய புஸ்தகம் இல்லையே. ஸ்டாலில் தியான நூல்கள் மட்டும்தான் வைக்கிறோம்" என்றார். தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவிடம் போய்ச் சொன்னது ஒரு ஆட்டுக்குட்டிக் கதைதானே ஐயா, தமிழின் முதல் நாவலை 1879-ல் கொண்டுவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கிறிஸ்தவர்தானே என்றேன். "கமிட்டியில் பேசிட்டுச் சொல்றேன்." இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று சர்ச்சில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும்.

சரி, தபாலிலாவது அனுப்புவோம் என்று கிளம்பினேன். பலருக்கும் தெரியாத ஒரு சட்டம் உண்டு. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, புத்தகம் வெளியிடுகிறவர் 30 நாளுக்குள் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மைய நூலகம், டெல்லி பப்ளிக் லைப்ரரி ஆகிய நான்குக்கும் பிரதி அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிட்டால் அந்த வெளியீட்டாளர் நாம்தான். அந்த நான்கு பொட்டலங்களோடு, முன்பதிவு செய்த உறவுக்காரர்களின் பொட்டலங்களையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "புக் போஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு மேடம், ஸ்பீட் போஸ்ட்ல போடுங்க" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் பழைய புக் போஸ்ட் 2024 டிசம்பரில் போய்விட்டது. ஆனால் 2025 மே மாதத்திலிருந்து அதற்குப் பதிலாகப் புத்தகங்களுக்கென்றே ஞான் போஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. விவரத்தை போனில் காட்டினேன். "எங்க சிஸ்டத்துல இல்லை" என்றார். திரையில் தேடிப் பார்க்கச் சொல்லி நான் நகராமல் நிற்கவும், பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது. தேடினார். இருந்தது.

அடுத்த கேள்வி வந்தது. "பாடப் புஸ்தகம், மதப் புஸ்தகம்தான் இதுல போகும். இதுல நாவல்னு போட்டிருக்கே?"

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பாஸ்டருக்கு இது மதப் புத்தகம் இல்லை, சரி. தபால்காரருக்கும் இல்லை என்றால் இதை எந்தக் கணக்கில்தான் சேர்ப்பது? சத்தம் கேட்டு உள்ளேயிருந்து போஸ்ட்மாஸ்டர் அம்மா வந்தார். கன்னடம் கலந்த தமிழில், "கதையில சாமி வர்றாரா?" என்று கேட்டார். "அத்தியாயத்துக்கு அத்தியாயம் வர்றார் மேடம்" என்றேன். சமூக, கலாசாரப் புத்தகங்களும் இந்தத் திட்டத்தில் போகும் என்று அவரே ஊழியருக்கு எடுத்துச் சொன்னார். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

அப்போதுதான் அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பிரியாணி அண்டா.

வியாபார விளம்பரம் உள்ள புத்தகம் ஞான் போஸ்டில் போகாது. இந்த விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, நானும் வாதாடவில்லை. அத்தனையையும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால் புத்தக விலையில் பெரும் பங்கு தபாலுக்கே போய்விடும். பையைத் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் கேட்டரிங் அண்ணனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். பிறகு, அநியாயமாகத் திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன், அதுவும் மனசுக்குள்தான்.

பிரஸ்காரர்தான் வழி சொன்னார். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகைச் சீவி ஒவ்வொரு தாளையும் பசையில் ஒட்டுவதால், கடைசித் தாளை பிளேடால் அறுத்து எடுத்தாலும் மற்ற தாள்கள் கழன்று வராது. நூல் தையல் போட்ட புத்தகத்தில் இதைச் செய்யாதீர்கள், ஜோடித் தாள் கையோடு வந்துவிடும். தபாலில் போகும் பிரதிகளில் மட்டும் அறுத்தேன். அண்ணனிடம் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டேன். "சர்ச்சுல விக்கிற புக்ல அண்டா இருக்குல்லம்மா, அது போதும்" என்றார். சர்ச்சில் மேசையே கிடைக்கவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலிருக்கிறது. நான் சொன்னேன். அவரும் கமிட்டியில் இருக்கிறவர் அல்லவா? அடுத்த ஞாயிறு எனக்கு மேசை வந்தது, ஊறுகாய் ஸ்டாலுக்குப் பக்கத்தில்.

கெடு முடிவதற்குள் நான்கு நூலகங்களுக்கும் அனுப்பிவிட்டேன். பொட்டலத்தைப் பசை போட்டு ஒட்டாமல் கொண்டுபோங்கள், எப்படியும் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். அச்சகத்தார் பெயரோ வெளியீட்டாளர் பெயரோ புத்தகத்தில் இருக்க வேண்டும். எனக்கு அதையும் பார்த்தார்கள். நன்கொடையாளருக்கு நன்றி சொல்வதென்றால் உள்ளே ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், போன் நம்பர் வேண்டாம்.

பண்டிகையன்று மேசைக்கு முதலில் வந்தது பாஸ்டரம்மா. புத்தகத்தைப் புரட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பொண்ணு கடைசியில சர்ச்சுக்குத் திரும்பி வர்றாளா?" என்று கேட்டார்.

"வாங்கிப் படிங்கம்மா, நூத்தம்பது ரூபாதான்" என்றேன். வாங்கினார்.