பல வட்டங்கள் வீட்டுக்கு வந்த கதை

ஜனவரி 18
கூடத்துச் சுவருக்குப் படம் வாங்குவது என்று முடிவானதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் ‘பல வட்டங்கள்’தான். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலை, வடிவமைப்புப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, 1926இல் வரைந்தது. மூலம் நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருட்டு வெளியில் பெரிய நீல வட்டம், அதற்குள் ஒரு கறுப்பு வட்டம். சுற்றி மிதக்கும் சின்ன வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று படும் இடத்தில் நிறம் மாறுகிறது.

இணையத்தில் ஒரு கடை 24க்கு 36 அங்குலத்தில் விற்கிறது. மூலமோ ஏறக்குறைய சதுரம், பக்கத்துக்கு 140 செ.மீ. அப்படியானால் ஓரத்து வட்டங்களை வெட்டியிருக்கிறார்கள். வேண்டாம்.

ஜனவரி 25
‘மியூசியம் குவாலிட்டி’ என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதற்கு முத்திரை எதுவும் கிடையாது. கேட்க வேண்டியது இதுதான்: எளிதில் மங்காத பிக்மென்ட் மையா, அமிலமில்லாத பருத்திக் காகிதமா? இன்று போன அச்சகத்தில் இரண்டும் இருந்தன. கறுப்பைப் பற்றிக் கவலையாக இருக்கிறது என்றேன். உடனே இரண்டு துண்டு அச்சடித்துக் காட்டினார்கள். பளபளப்பில்லாத மேட் காகிதத்தில் கறுப்பு கரித்தூள் மாதிரி வெளிறித் தெரிந்தது. பேரியம் சல்பேட் பூசிய, லேசாகப் பளபளக்கும் பரைட்டா காகிதத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தது போல ஆழம். பரைட்டாவே போடச் சொல்லிவிட்டேன், 24 அங்குலச் சதுரம்.

பிப்ரவரி 3
மயிலாப்பூரில் ஃபிரேம் போடும் பெரியவரிடம் கொடுத்தேன். சாதாரணக் கண்ணாடி போட்டால் இந்தக் கறுப்பில் ஜன்னலும் ஃபேனும்தான் தெரியும், எதிரொளிக்காத கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். விலை கூடத்தான், ஆனால் அவர் சொன்னது சரி. அப்புறம், படம் கண்ணாடியைத் தொடவே கூடாது என்று நான் வற்புறுத்தினேன். அம்மா அப்பாவின் கல்யாண ஃபோட்டோ சென்னை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போய், அப்பாவின் ஒரு கன்னத்தில் திட்டுத் திட்டாக இருக்கிறது. நடுவில் இடைவெளிக்கு அமிலமில்லாத மவுண்ட் போர்டு வைக்கிறேன் என்றார்.

பிப்ரவரி 11
வெயில் படாத சுவரில் மாட்டியாயிற்று. அம்மா வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, “கிரகணம் மாதிரி இருக்குடா” என்றாள். நீல வட்டத்தைச் சுற்றிய அந்த மங்கலான வெளிச்சத்தைத்தான் சொல்கிறாள். ஃபோன் திரையில் அது எனக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததே இல்லை.

கல்யாண ஃபோட்டோவைப் பற்றியும் பெரியவரிடம் கேட்டேன். பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்துப் புதிதாக அச்சடிக்கலாம் என்றார். சனிக்கிழமை எடுத்துப் போகிறேன்.