வரி பூஜ்யம், விரல்ரேகை பாக்கி: டெக்சாஸில் சைலன்சர் வாங்கிய அனுபவம்

டெக்சாஸில் துப்பாக்கி வைத்திருக்கும் தமிழ் நண்பர்கள் சில மாதங்களாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சைலன்சருக்கு இனி வரி இல்லையாமே, நேரா கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துடலாமா?" துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டி வெடிச்சத்தத்தைக் குறைக்கும் கருவிதான் இந்தச் சைலன்சர். அப்படி நேரே வாங்கிவர முடியாது. போனது வரி மட்டும்தான். விண்ணப்பம், விரல்ரேகை, புகைப்படம், பின்னணிச் சோதனை, பதிவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. நானும் மனைவியும் அண்மையில்தான் இதையெல்லாம் முடித்து ஒன்று வாங்கினோம். அடுத்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்டினுக்குக் கிழக்கே நண்பர்களோடு சேர்ந்து கொஞ்சம் நிலம் குத்தகைக்கு வைத்திருக்கிறோம். காட்டுப்பன்றிகள் ஓர் இரவில் புல்தரை முழுவதையும் கிளறிப் போட்டுவிடும். இங்கே தனியார் நிலத்தில் அவற்றைச் சுட 2019 முதல் வேட்டை உரிமம்கூட வேண்டாம். இரவில் பரணில் உட்கார்ந்தால் காதுதான் முதல் கருவி. சருகு சரசரக்கும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியும். காதுக்கவசம் மாட்டினால் அது கேட்காது, கழற்றினால் வெடிச்சத்தம் செவியைப் பதம் பார்க்கும். .308 ரைஃபிளின் சத்தம் 160 டெசிபலுக்கு மேல் போகும். வேலையிடங்களில் திடீர்ச் சத்தத்துக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் உச்சவரம்பே 140தான். எனக்கு இடது காதில் ஓயாத ரீங்காரம் வந்துவிட்டது. காது மருத்துவர், போன கேட்கும் திறன் திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றுங்கள் என்றார்.

சைலன்சர் என்றதும் படத்தில் வரும் 'புஸ்' சத்தம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். நிஜத்தில் அப்படி இல்லை. 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும், அவ்வளவுதான். குண்டு ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போகும்போது எழும் சாட்டையடிச் சத்தத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் காதைப் பொறுத்தவரை இந்த 20, 30 டெசிபல் பெரிய வித்தியாசம்.

இந்தப் பொருளை 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் இயந்திரத் துப்பாக்கிகளோடு ஒரே பட்டியலில் சேர்த்து, கைமாறும் ஒவ்வொரு முறையும் 200 டாலர் வரி போட்டது. அன்றைய 200 டாலர் இன்றைக்கு 4,500 டாலருக்கு மேல். வருமானத்துக்காகப் போட்ட வரி இல்லை அது, சாதாரண ஆள் வாங்கவே கூடாது என்று போட்டது. தொண்ணூறு ஆண்டுகளாக அந்தத் தொகை ஏறவில்லை. அதனால் கடைசியில் தடையாகவும் இல்லாமல், பெரிய வருமானமாகவும் இல்லாமல் வெறும் எரிச்சலாக நின்றது.

2025 வசந்த காலத்தில் நான் கடைக்குப் போனபோதே வாஷிங்டனில் பேச்சு சூடாக இருந்தது. பிரதிநிதிகள் சபையின் பெரிய வரி மசோதாவில் முதலில் வரியைப் பூஜ்யமாக்குவது மட்டும்தான் இருந்தது. கடைசி நேரத் திருத்தத்தில் சைலன்சரை 1934 சட்டத்திலிருந்தே எடுத்துவிடுகிறோம் என்று சேர்த்து, மே 22 அன்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற்றினார்கள். அப்படியே சட்டமாகியிருந்தால் சாதாரண ரைஃபிள் வாங்குவது போல அன்றைக்கே சோதனை முடித்து எடுத்து வந்திருக்கலாம். கடைக்காரர் நேர்மையான மனிதர். "அவசரம் இல்லேன்னா பொறுங்க" என்றார். பொறுத்தேன்.

செனட்டில் கதை மாறியது. பட்ஜெட் தொடர்பான மசோதாவைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்ற வேண்டுமானால், அதில் உள்ள ஒவ்வொரு பிரிவும் அரசின் வரவு செலவைத் தொட வேண்டும் என்பது அங்கே உள்ள பர்ட் விதி. பதிவை ரத்து செய்வது அதற்குள் வராது என்று ஜூன் இறுதியில் செனட்டின் விதி ஆலோசகர் சொல்லிவிட்டார். வரி மட்டும் தப்பியது. ஜூலை 4 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கும் குட்டைக் குழல் துப்பாக்கிகளுக்கும் வரி பூஜ்யம். இயந்திரத் துப்பாக்கிக்கும் வெடிகுண்டு வகைகளுக்கும் 200 டாலர் தொடர்கிறது.

ஆண்டின் முதல் நாளிலேயே, துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் ஏடிஎஃப் துறையின் மின்படிவத் தளத்தில் கூட்டம் நெரிந்தது. நாங்கள் அந்த அலை கொஞ்சம் தணியட்டும் என்று இருந்துவிட்டுத்தான் ஃபார்ம் 4, அதாவது சைலன்சரை நம் பெயருக்கு மாற்றிப் பதியக் கேட்கும் விண்ணப்பம், போட்டோம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது, யார் பெயரில் பதிவது என்பது. தனி நபர் பெயரில் பதிந்தால் வேலை சுலபம். ஆனால் அந்த நபர் உடன் இல்லாதபோது வேறு யார் கையிலும் அது இருக்கக் கூடாது. பெட்டகத்தின் எண் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருந்தாலே சிக்கல் வரலாம் என்று வழக்கறிஞர்கள் எச்சரிக்கிறார்கள். இதைச் சொன்னதும் மனைவி கேட்டாள்: "ஏங்க, நீங்க ஊருக்குப் போயிருக்கப்ப பன்றி வந்தா நான் எடுத்தா எனக்கு ஜெயிலா?" ஆமாம், சட்டப்படி பத்தாண்டு வரை சிறை உண்டு. அவள் என்னைவிட நன்றாகச் சுடுவாள். அதனால் பொருளை இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ள ஓர் அறக்கட்டளை (டிரஸ்ட்) எழுதி, இருவரும் பொறுப்பாளர்கள் என்று போட்டு, நோட்டரி முன் கையெழுத்திட்டோம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு பொறுப்பாளரும் தனித்தனியாக விரல்ரேகையும் புகைப்படமும் தர வேண்டும். அந்தச் சிரமம் தகும்.

அப்புறம் வந்தது பெயர்ப் பிரச்சினை. இது நம்மவர்களுக்கே உரியது. எனக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயராகப் போயிருக்கிறது. மனைவியின் பழைய ஆவணங்களில் அவள் அப்பா பெயர் வெறும் இனிஷியல், குடியுரிமைச் சான்றிதழில் அது விரிந்திருக்கிறது, ஓட்டுநர் உரிமத்தில் என் பெயர் பின்னால் ஒட்டியிருக்கிறது. அறக்கட்டளைப் பத்திரம், ஓட்டுநர் உரிமம், விரல்ரேகைக் கோப்பு, ஃபார்ம் 4 ஆகிய நான்கிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருந்தால்தான் நிம்மதி. முதலில் உரிமத்தைச் சரி செய்து, அதைப் பார்த்து மற்றதை எழுதினோம். வேறு எங்கே அவசரப்பட்டாலும் இங்கே அவசரப்படாதீர்கள்.

விரல்ரேகையைக் கடையில் உள்ள இயந்திரத்திலேயே எடுத்தார்கள். என் ரேகை மங்கல். தோட்டவேலையில் தேய்ந்துபோன விரல்களை இயந்திரம் திரும்பத் திரும்ப மறுத்தது. கடைப் பையன் கொஞ்சம் லோஷன் தடவித் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னான், எடுத்துக்கொண்டது. புகைப்படம் ஃபோனிலேயே முடிந்தது. விண்ணப்பத்தின் ஒரு நகல் மாவட்ட ஷெரிஃபுக்கும் போக வேண்டும். 2016 வரை தனிநபர் விண்ணப்பத்தில் உள்ளூர்க் காவல் தலைவர் கையெழுத்தே தேவைப்பட்டதாம். கையெழுத்து கிடைக்காமல் நின்றுபோனவர்கள் உண்டு. இப்போது வெறும் தகவல் மட்டும்.

காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒப்புதல் வரும்வரை கடைக்காரரின் பெட்டகத்தில்தான் இருக்கும். போய்ப் பார்க்கலாம், கொண்டுபோக முடியாது. ஒப்புதல் மின்னஞ்சலில் வந்தது. பிறகு கடையில், எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் நிரப்ப வேண்டிய வழக்கமான 4473 படிவத்தை நிரப்பினோம். அதில் கஞ்சா பற்றிய கேள்வியைக் கவனமாகப் படியுங்கள். உங்கள் மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்திய சட்டம் அனுமதிக்கவில்லை.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரீன் கார்டு இருந்தால் வழி உண்டு. எச்1பி போன்ற தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. ஆனால் நண்பர் சொன்னார் என்று இறங்காமல் வழக்கறிஞரிடம் கேளுங்கள். குடியேற்ற நிலையே போய்விடும். அதேபோல, டெக்சாஸில் செய்து டெக்சாஸிலேயே இருக்கும் சைலன்சருக்கு மாநிலச் சட்டமே போதும் என்று 2021-இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. அதை நம்பிப் பதிவில்லாமல் யாரும் வாங்க வேண்டாம். மத்திய அரசு அதை ஏற்கவில்லை.

வரி பூஜ்யமான பிறகு பதிவு மட்டும் எந்த அதிகாரத்தில் நிற்கிறது என்பது இப்போது பெரிய விவாதம். 1937-இல் உச்ச நீதிமன்றம் சோன்சின்ஸ்கி வழக்கில் 1934 சட்டத்தை ஏற்றதே வரி விதிக்கும் அதிகாரத்தின் பேரில்தான். வரியே இல்லை என்றால் வரிப் பதிவேடு எதற்கு என்று கேட்டு டெக்சாஸிலும் மிசௌரியிலும் வழக்குப் போட்டார்கள். வாதம் வலுவானது. என்னோடு வேட்டைக்கு வரும் நண்பர்கள் பதிவு முழுவதும் ஒழிய வேண்டும் என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 2019-இல் விர்ஜீனியா பீச்சில் 12 பேரைக் கொன்றவன் கைத்துப்பாக்கியில் சைலன்சர் மாட்டியிருந்தான். அதை முறைப்படி வாங்கியிருந்தான் என்பதும் உண்மை. அந்தப் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. பின்னணிச் சோதனை கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் என்னை ஏற்கெனவே சோதித்து, ரேகையும் படமும் வாங்கிவைத்த அதே துறை, அடுத்த பொருளுக்கும் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்பதில் யாருடைய பாதுகாப்பும் கூடவில்லை. ஒருமுறை சரிபார்த்தவருக்கு ஒரு அட்டை கொடுத்தால் போதும். நார்வே, ஃபின்லாந்து போன்ற வேட்டை நாடுகளில் இதைக் காதுக்கவசம் போலத்தான் பார்க்கிறார்கள்.

வாங்கிய பிறகு ஒப்புதல் படிவத்தின் நகலை ரைஃபிள் பையில் ஒன்று, ஃபோனில் ஒன்று என்று வைத்திருங்கள். மாநில எல்லை தாண்டச் சைலன்சருக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் உட்பட எட்டு மாநிலங்களில் தனியார் வைத்திருக்கவே கூடாது. வண்டியில் போகும் வழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழல் முனையில் மரை இல்லாத பழைய ரைஃபிள் என்றால், மரை வெட்ட ஆகும் கூலியையும் கணக்கில் சேருங்கள். மனைவி இப்போது அவளுடைய .22 துப்பாக்கிக்கு ஒன்று கேட்கிறாள். விரல்ரேகைக் கோப்பு கையில் இருக்கிறது, புதுப் படம் மட்டும் எடுக்க வேண்டும். அடுத்த வாரம் ஃபார்ம் 4 போடுகிறோம்.