ஒரு பிடி மாவு

ஆப்பிரிக்காவில் உள்ள மலாவிக்குப் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு சபையில் எங்கள் ஐந்து பேரையும் முன்னே நிறுத்தி ஜெபித்தார்கள். இரண்டு மருத்துவர்கள், இரண்டு செவிலியர்கள், ஒரு லேப் டெக்னீஷியன். எங்கள் சுமை ஆறு அட்டைப்பெட்டிகள்: மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசிமருந்து, குழந்தைகளின் நரம்பில் செருகும் சிறு குழாயான கேனுலா, ரத்தம் ஏற்றும் செட், கையுறைகள். அதற்குக் காணிக்கை கொடுத்தவர்களில் பலர் பென்ஷனில் வாழ்கிறவர்கள். ஆயர் அன்று பைபிளில் வரும் சாரிபாத் ஊர் விதவையைப் பற்றிப் பேசினார். பஞ்ச காலத்தில் பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் கொஞ்சம் எண்ணெயும்தான் அவளிடம் மிச்சம். அதில் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்தாள். பிறகு அவள் பானையில் மா குறையவே இல்லை. அந்த மாவைத்தான் நாம் கொண்டுபோகிறோம் என்ற நினைப்பில் விமானம் ஏறினேன்.

பெட்டிகள் எங்களோடு வந்து சேரவில்லை. அனுமதித் தாள் ஒன்று குறைந்திருந்தது. தவறு எங்களுடையதுதான்.

நாங்கள் வேலை செய்யப்போன மிஷன் ஆஸ்பத்திரி, தலைநகர் லிலோங்வேயிலிருந்து செம்மண் சாலையில் போகவேண்டிய ஒரு கிராமத்தில் இருந்தது. பிப்ரவரி மாதம். அங்கே அது மழைக்காலம், மலேரியா உச்சத்தில் இருக்கும். பசிக்காலமும் அதுவே. வழியெல்லாம் மக்காச்சோளம் ஆளுயரத்துக்குப் பச்சையாக நிற்கிறது. ஆனால் அறுவடைக்கு ஏப்ரல் வரவேண்டும். போன வருடத்து மாவோ வீடுகளில் தீர்ந்துகொண்டிருக்கிறது. இத்தனை பச்சைக்கு நடுவே மனிதர்கள் பசித்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். ஆர்ட்டிசுனேட் ஆஸ்பத்திரி ஸ்டாக்கில் இருந்தது, ஆனால் தாராளமாக இல்லை. கடுமையான மலேரியாவில் அந்த மருந்தின் அருமை எனக்குத் தெரியும். 2010-இல் வெளியான ஆய்வில் ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளின் 5,425 குழந்தைகளைக் கவனித்தார்கள். பழைய மருந்தான குயினைன் பெற்றவர்களில் 10.9 சதவீதம் பேர் இறந்தார்கள். ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 8.5. அந்த வித்தியாசம் எங்கள் பெட்டிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறதே என்று முதல் இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. கர்த்தாவே, பெட்டியை அனுப்பும் என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

மூன்றாம் இரவு நான்கு வயதுப் பையன் ஒருவனைப் பாட்டி முதுகில் கட்டித் தூக்கி வந்தார். 14 கிலோ எடை, ஹீமோகுளோபின் வெறும் 3.8, மிகமிகக் குறைவு. உள்ளங்கை காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. மூச்சு வாங்கியது. கிலோவுக்கு 3 மில்லிகிராம் கணக்கில் முதல் ஊசியைப் போட்டோம். அடுத்தது 12 மணி நேரத்தில். ஆனால் மருந்தைவிட அவசரமாக ரத்தம் வேண்டும், 280 மில்லி. ஃப்ரிட்ஜில் இருந்த ஒரே பை அவனுக்குப் பொருந்தாத வகை.

அந்த ஊர் வார்டு சிஸ்டர் பதறவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அங்குள்ள ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குச் சமைத்துப் போட, துணி துவைக்க உறவினர் கூடவே தங்குவார்கள். அவர்களுக்கென்று ஒரு கொட்டகை உண்டு. சிஸ்டர் போய் எழுப்பியதும் நான்கு பேர் வந்தார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை, சிபிலிஸ் பரிசோதனைகள் முடிந்து, வகையும் பொருந்தி நின்றவர் ஒருவர்தான். அவருடைய மகள் அதே வார்டில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். இந்தப் பையன் அவருக்கு உறவில்லை, ஒரே ஊர்க்காரனும் இல்லை. மெலிந்த உடம்பு. அவருக்கு ஹீமோகுளோபின் போதுமான அளவு இருக்கிறதா என்று நான் இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன். இருந்தது. ரத்தம் கொடுத்து முடித்து, இனிப்புத் தேநீர் குடித்துவிட்டு, மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

விடியும்போது பையன் தண்ணீர் கேட்டான்.

இதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். இரண்டு நாள் கழித்து ஒரு கைக்குழந்தைக்கு அதே கொட்டகையில் ஆள் கிடைத்தது, வகையும் பொருந்தியது. ரத்தம் வார்டுக்கு வருவதற்குள் குழந்தை போய்விட்டது. அதற்காகவும் அதே முழங்காலில்தான் நின்றோம். ஏன் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்பதற்குக் கர்த்தரை விட்டால் வேறு யாரும் எனக்கு இல்லை.

பையன் வீட்டுக்குப் போகும் நாளில் பாட்டி என் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் களி, அவர்கள் சொல்லில் ன்சிமா. தொட்டுக்கொள்ளப் பூசணி இலை மசியல். முதலில் என் கையில் தண்ணீர் ஊற்றினார். முதல் தட்டும் எனக்குத்தான். மூலையில் கிடந்த மாவுப் பையை நான் பார்த்துவிட்டேன். அடியில் சுருண்டு கிடந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. "இத்யானி, மாயி" என்றார். சாப்பிடும்மா என்று அர்த்தம். சாப்பிட்டேன்.

களி தொண்டையில் இறங்கும்போதுதான் எனக்குச் சாரிபாத் உறைத்தது. அது சீதோன் நாட்டு ஊர். எலியா அங்கே அந்நியன், கையில் ஒன்றும் இல்லாமல், பசியோடு போனவன். மாவு வைத்திருந்தது அந்த ஊர்க்காரி. சிறு வயதிலிருந்து கேட்ட கதையை இத்தனை வருடமும் தலைகீழாக வைத்திருந்திருக்கிறேன். திருநெல்வேலியில் என் அம்மா உலை வைக்குமுன் தினமும் ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்துப் போடுவார். அரிசி குறைவாக இருக்கும் மாதத்திலும் அந்தப் பிடியின் அளவு குறையாது. அம்மா கொடுக்கிறவர் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த அரிசியை வாங்கிச் சாப்பிட்ட ஊழியக்காரர்களைப் பற்றி நினைத்ததில்லை. அன்று அவர்கள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்ததும் சபையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். ரத்தம் கொடுத்தவரையும் பாட்டியையும் பற்றி மட்டும் சொன்னேன். பெட்டிகள் என்ன ஆயின என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருடைய பணமும் அதில் உண்டு, கேட்கவேண்டிய கேள்வி. அன்று என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல் கடைசியில் வார்டு சிஸ்டரிடமிருந்து வாட்ஸாப்பில் செய்தி வந்தது. ஆறு பெட்டியும் வந்துவிட்டன, ஆர்ட்டிசுனேட் ஒரு குப்பிகூட உடையவில்லை, அடுத்த மழைக்கு இருக்கும். ரத்தம் கொடுத்தவருடைய மகளும் வீட்டுக்குப் போய் நாளாகிவிட்டது. பாட்டியின் ஊரில் மக்காச்சோளம் அறுக்கத் தொடங்கிவிட்டார்களாம்.