கம்பங்கொல்லை நாட்குறிப்பு

மார்ச் 3
ஏழரை மணிக்கே பண்ருட்டி பக்கம் சித்தப்பா கொல்லையில் இறங்கிவிட்டேன். வெயில் ஏறுவதற்குள் தொண்டைக் கதிரை (இலை உறையை விட்டு வெளிவராத கதிர்) எடுத்துக் கரைசலில் போட வேண்டும்: மூன்று பங்கு ஆல்கஹால், ஒரு பங்கு அசிட்டிக் அமிலம். கடலூருக்குத் திரும்பும்போது பஸ்சில் பக்கத்துச் சீட்டு அக்கா காடி வாடை தாங்காமல் எழுந்து போய்விட்டார். விதைக்குக் கோபால்ட்-60 காமா கதிர் பாய்ச்சியது என்று சித்தப்பாவிடம் சொன்னதிலிருந்து "கதிர் பட்ட கதிர்" என்று கேலி.

மார்ச் 6
கம்புக்கு 14 குரோமோசோம். மகரந்தத் தாய்ச்செல்லில், அதாவது பிரிந்து மகரந்தமாகும் செல்லில், ஏழு ஜோடியாக நிற்க வேண்டும், நிற்கின்றன. எல்லாச் செடியிலும் ஏழு. காமா கதிரால் ஒடிந்த குரோமோசோம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சலிப்பு. சாயம் மங்கலாக இருந்தது. துருப்பிடித்த ஊசியால் கலக்கியதும் ஏறியது. இரும்பின் வேலை.

ஏப்ரல் 2
சித்தப்பா போன். "ஏம்மா, உன் 17-ஆம் செடியிலே ஒரு தூர்க் கதிர் நிறைஞ்சிருக்கு, இன்னொண்ணு பொக்கை வாயா இருக்கு. ஒரே வேர்தானே?"
குருவியாக இருக்கும் என்றேன்.
"குருவி கொத்தினா உமி கிழிஞ்சிருக்கும். இது மணியே பிடிக்கல."
வெட்கமாகப் போய்விட்டது. காய்ந்த விதையின் கருவிலேயே பல செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தூரும், அதாவது அடியிலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு தண்டும், வேறு வேறு செல்லிலிருந்து வரலாம். ஒன்றில் முறிவு இருக்கும், அடுத்ததில் இருக்காது. 1928-இல் பார்லிக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சிய மரபியலர் ஸ்டாட்லர், ஒவ்வொரு பயிர்க்கதிரின் விதையையும் தனித்தனியாகப் பிரித்து விதைத்தவர். இதைப் படித்துவிட்டு நான் நடுத்தண்டின் தாய்க்கதிரை மட்டும் அறுத்திருக்கிறேன்!

ஏப்ரல் 4
நல்லவேளை, அந்தப் பொக்கைத் தூரின் கணுவில் ஒரு சின்னக் கதிர் உறைக்குள் இருந்தது. எடுத்தாயிற்று.

ஏப்ரல் 6
வளையம்! ஐந்து ஜோடி, மீதி நான்கும் கைகோத்து ஒரே வளையம். சம்பந்தமில்லாத இரண்டு குரோமோசோம்கள் ஒடிந்து நுனியை மாற்றி ஒட்டிக்கொண்டால், ஜோடி சேர நான்கும் கூட வேண்டியிருக்கிறது. மக்காச்சோளத்தில் மரபியலர் பார்பரா மெக்கிளின்டாக் 1930-இல் காட்டியதும் இந்த மாதிரிப் பரிமாற்றம்தான். பிரியும்போது ஒன்றுவிட்டு ஒன்று ஒரே பக்கம் போனால் பழுதில்லை. அடுத்தடுத்தவை சேர்ந்து போனால் ஒரு துண்டு இரட்டிப்பு, ஒரு துண்டு காணோம். மகரந்தம் சுருங்கிவிடும், சூலும் வீண். மகரந்தத்தில் ஏறக்குறைய பாதி சாயமே ஏறாமல் கிடந்தது.

ஏப்ரல் 12
பொக்கைக் கதிரின் விதையைத் தனி உறையில் போட்டேன். அடுத்த போகமும் இப்படித்தானா என்றார் சித்தப்பா. பாதிச் செடிதான் என்றேன்.
"அப்ப மோட்டார் கொட்டாய் ஓரமா ரெண்டு பாத்தி. அவ்வளவுதான்."